ம்யூரனிலிருந்து மீனாட்சிக்கு

அன்புள்ள மீனாட்சி,

நான் புறப்படுவதற்கு முந்தின நாள்தான் உன் கடிதம் வந்தது. மலையில் உட்கார்ந்து நிதானமாகப் பதில் எழுதலாம் என்று பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததும் மனம் நிறைந்தது. பணி ஓய்வுக்குப் பிறகு பொழுதே போகவில்லை என்றாயே, இனி அந்தக் கவலை இல்லை. ஆனால் "இந்த வயதில் உனக்கு எதற்குப் பனிச்சறுக்கு?" என்றும் கேட்டிருக்கிறாய். அதற்கு மட்டும் நீளமாகவே பதில் சொல்வேன், கூடவே உன்னையும் இங்கே சறுக்க அழைக்கப்போகிறேன், பொறுத்துக்கொள்.

சுவிட்சர்லாந்தின் ம்யூரன் கிராமத்தில் இருக்கிறேன். லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கிலிருந்து கம்பிவட வண்டியில் ஏறி, மேலே ஒரு சின்ன ரயிலுக்கு மாறி வர வேண்டும். உயரம் 1,638 மீட்டர். ஐந்நூறு பேர்கூட வசிக்காத ஊர். வெளியூர்க் கார்கள் வரவே வழியில்லை. எதிரே ஐகர், மோன்க், யுங்ஃப்ராவ் மூன்று சிகரங்களும் வரிசையாக நிற்கின்றன. காலையில் வெயில் முதலில் உச்சிகளில் பட்டு, மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. அது சரிவைத் தொடும் வரை பனி கல்லாக இறுகிக் கிடக்கும். இரவில் இயந்திரம் சமன்செய்துவிட்டுப் போன வரிகள் அப்படியே தெரியும். அவற்றின்மேல் பலகை ஏறினால் கரகரவென்று உள்ளங்கால் வரை அதிர்கிறது. நண்பகலுக்குள் அதே பனி இளகி, காலைப் பிடித்து இழுக்கத் தொடங்கிவிடும். அதனால் காலை நேரத்தை நான் விடுவதே இல்லை.

இந்தக் கலையில் என்னைக் கட்டிப்போட்டது வேகம் அல்ல, மீனா. இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் வலக்காலில் எடையைப் போட வேண்டும். வலப்பக்கம் திரும்ப இடக்காலில். சரிவைப் பார்த்ததும் உடம்பு பயந்து மலையின் பக்கம் சாயப் பார்க்கும். அப்படிச் சாய்ந்தால் கீழ்ப்பக்கப் பலகையின் விளிம்பு பனியைப் பற்றாது, வழுக்கிவிடும். மார்பைப் பள்ளத்தாக்கின் பக்கம் காட்டி, எடையைக் கீழ்ப்பக்கக் காலில் வைத்தால் பலகை உடனே சொன்னபடி கேட்கிறது. பயம் எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில்தான் பிடிமானமும் இருக்கிறது. இதை என் பயிற்றுநர் எத்தனை முறை சொன்னாலும் காது கேட்டுக்கொள்கிறது. உடம்பு கேட்க நாளாகிறது. கேட்ட அந்தக் கணத்தின் மகிழ்ச்சி இருக்கிறதே, அதை எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அதற்கு இப்படி அமைதியான ஊர்தான் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பெரிய சறுக்குத் தலங்களில் முதுகுக்குப் பின்னால் யாராவது விரைந்து வந்துகொண்டே இருப்பார்கள். புதிதாகக் கற்பவருக்குப் பாதி நடுக்கம் அதனால்தான். இங்கே சரிவின் நடுவில்கூட ஓரமாக ஒதுங்கி நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, அடுத்த திருப்பத்தை யோசிக்க முடிகிறது. அவசரப்படுத்த ஆளில்லை.

"பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்" என்றும் எழுதியிருந்தாய். இதே ஊரில் 1922-இல் அர்னால்ட் லன் என்ற ஆங்கிலேயர் நவீன ஸ்லாலம் பந்தயத்தை, அதாவது கொடிகளுக்கு இடையே வளைந்து வளைந்து சறுக்கி இறங்கும் பந்தயத்தை, வகுத்தார். அதற்கு முன் திருப்பங்களின் அழகுக்கு மதிப்பெண் போடும் வழக்கம் இருந்தது. கொடிகளைச் சுற்றி யார் சீக்கிரம் இறங்கி வருகிறார் என்பது மட்டுமே கணக்கு என்றார் அவர். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1931-இல், மலைச்சரிவில் சறுக்கி இறங்கும் ஆல்பைன் பிரிவின் முதல் உலகச் சாம்பியன் போட்டியும் இங்கேயே நடந்தது. பெண்களுக்கும் அதில் பந்தயங்கள் இருந்தன. எஸ்மே மெக்கின்னன் என்ற பதினேழு வயதுப் பெண் இரண்டு பிரிவுகளிலும் வென்றிருக்கிறாள்! நமக்குக் கடிகாரமும் வேண்டாம், மதிப்பெண்ணும் வேண்டாம். நாம் எப்படி இறங்கினால் யாருக்கு என்ன?

உன் முழங்காலைப் பற்றி எழுதியிருந்தாயே, அந்த விஷயம் வேறு. அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சறுக்குக் காலணி கணுக்காலை இறுக்கிப் பிடித்துக்கொள்வதால், விழும்போது முறுக்கு விசை முழங்காலுக்கு ஏறிவிடுகிறது. விழுந்தால் காலணி பலகையிலிருந்து தானே கழன்றுகொள்ள ஏற்பாடு உண்டு என்றாலும், முழங்கால் தசைநாரை அது எப்போதும் காப்பாற்றிவிடாது. உன் எடைக்கும் திறனுக்கும் ஏற்ப அந்த ஏற்பாட்டைச் சரியாக அமைக்கச் சொல்ல வேண்டும். அதற்கு முன், எலும்பு மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேள். அவர் கூடாது என்றால் நீ நடைபாதையில் நட, நான் பக்கத்துச் சரிவில் சறுக்குகிறேன். இங்கே குளிர்காலத்திலும் நடப்பதற்கென்று பாதைகள் இருக்கின்றன. எப்படியும் நீ வரத்தான் வேண்டும்.

ஜனவரி கடைசி மட்டும் வேண்டாம். 1928-இல் தொடங்கிய இன்ஃபெர்னோ என்ற பனிச்சறுக்குப் பந்தயம் அப்போது நடக்கும். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொள்வதால் ஊரில் கால் வைக்க இடமிருக்காது. மார்ச் நல்லது. பகல் நீண்டிருக்கும், குளிரும் குறைந்திருக்கும். கறுப்புக் கண்ணாடியை மறக்காதே. பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணை எரித்துவிடும்.

மருத்துவர் சொன்னதை உடனே எழுது. இருவருக்கும் சேர்த்துப் பயிற்றுநரிடம் நானே சொல்லிவைக்கிறேன். பேத்தியின் படத்தையும் அனுப்பு.

அன்புடன்,
வசந்தா