கிளவுடுக்கு மாறும் முன் கோப்புகளைக் கணக்கெடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

விண்டோஸ் சர்வர் 2016-க்கு மைக்ரோசாஃப்ட் தரும் பாதுகாப்புத் திருத்தங்கள் 2027 ஜனவரி 12-ஆம் தேதியோடு நின்றுவிடுகின்றன. நம் ஊர்ச் சிறு, நடுத்தர நிறுவனங்களில் அலுவலக மூலையில் ஓடிக்கொண்டிருக்கும் கோப்பு சர்வர்களில் இந்தப் பதிப்பில் ஓடுபவை இன்னும் உண்டு. புதிய சர்வர் வாங்காமல், கோப்புகளை இணையத்தில் (கிளவுடில்) வைக்கும் மைக்ரோசாஃப்ட் 365-இன் ஷேர்பாயின்ட்டுக்கு மாறிவிடலாம் என்பது நல்ல முடிவுதான். ஆனால் ‘சனி, ஞாயிறில் எல்லாவற்றையும் ஏற்றிவிடலாம்’ என்று தொடங்கும் இடமாற்றம் திங்கட்கிழமை காலை கணக்குப் பிரிவிலேயே சிக்கிக்கொள்ளும். ஏற்றுவது கடைசி வேலை. அதற்கு முன் நான்கு முதல் ஆறு வாரம் கணக்கெடுப்பு வேண்டும். அதை முதலாளிகள் வலியுறுத்திக் கேட்டு வாங்க வேண்டும் என்பதற்காகவே இக்கடிதம்.

முதலில், இருப்பது என்ன என்று தெரிய வேண்டும். ஃபோல்டர்களின் அளவைக் காட்டும் இலவசக் கருவி ஒன்றை சர்வரில் ஓட்டினால் எந்த ஃபோல்டர் எத்தனை ஜிபி, எத்தனை கோப்புகள் என்று வந்துவிடும். மூன்று ஆண்டுகளாக யாரும் தொடாதவை, ‘புதிய ஃபோல்டர் 2’ என்ற பெயரில் இரண்டு மூன்று இடங்களில் கிடக்கும் நகல்கள், சிசிடிவி பதிவுகள், பழைய சாஃப்ட்வேர் நிறுவல் கோப்புகள் ஆகியவற்றைப் பிரித்தாலே பாரம் கணிசமாகக் குறையும். ஆனால் பழையது என்பதற்காக எதையும் அழித்துவிடக் கூடாது. கம்பெனிகள் சட்டத்தின் 128-ஆம் பிரிவு கணக்குப் புத்தகங்களை 8 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. ஜிஎஸ்டி ஆவணங்களை, அந்த ஆண்டுக்கான வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். எனவே பழையவற்றைத் தனிக் காப்பகத்துக்கு மாற்றுங்கள். எதை அழிப்பது என்பதை ஆடிட்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

அடுத்தது, எதை ஏற்றக் கூடாது என்ற பட்டியல். இதில்தான் பெரிய சேதம் நடக்கிறது. கணக்கு நிரலான டேலியின் தரவு ஃபோல்டரை, ஒன்டிரைவ் சிங்க் ஆகும் இடத்தில், அதாவது கணினியில் உள்ளதை கிளவுடோடு தானாக ஒத்திசைக்கும் ஃபோல்டரில், வைக்கவே கூடாது. ஒரு வவுச்சரைப் பதியும்போது டேலி பல கோப்புகளில் ஒரே நேரத்தில் எழுதுகிறது. சிங்க் நிரலோ அவற்றை ஒவ்வொன்றாக, தனக்குத் தோன்றிய வரிசையில் மேலே அனுப்புகிறது. இரண்டு கணினிகளில் டேலியில் அதே கம்பெனியின் கணக்கு திறந்திருந்தால் ஒன்றின் கோப்பும் மற்றதன் கோப்பும் கலந்து தரவு கெட்டுவிடும். ஆக்செஸ் தரவுத்தளம், மின்னஞ்சல்களைச் சேமித்து வைக்கும் அவுட்லுக்கின் பிஎஸ்டி கோப்பு இரண்டுக்கும் இதே விதிதான். ஒன்றையொன்று இணைத்து அழைக்கும் ஆட்டோகேட் வரைபடங்களைத் தனியாகச் சோதித்துப் பார்க்காமல் நகர்த்தாதீர்கள். டேலிக்கு அலுவலகத்திலேயே ஒரு சிறிய கணினியோ, வாடகை சர்வரோ இருக்கட்டும். அதன் பேக்கப் கோப்பு மட்டும் கிளவுடுக்குப் போகட்டும்.

எக்செல் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஸ்டாக் கோப்பிலிருந்து விலைக் கோப்புக்கும், அதிலிருந்து மாத அறிக்கைக்கும் பின்னப்பட்ட லிங்குகள் எல்லாம் பழைய சர்வரின் முகவரியை, அல்லது சர்வர் ஃபோல்டருக்குக் கணினிகளில் வைத்த ‘இசட் டிரைவ்’ என்ற எழுத்தைப் பிடித்துத் தொங்குகின்றன. கோப்பு நகர்ந்ததும் அவை அறுந்துவிடும். கொடுமை என்னவென்றால், அறுந்தது உடனே தெரியாது. எக்செல் கடைசியாகப் படித்த பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். அந்த எண்ணை நம்பி கொட்டேஷன் போய்விடும். கணக்கு, கொள்முதல், உற்பத்திப் பிரிவுகள் தினமும் திறக்கும் எக்செல் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, ‘டேட்டா’ பகுதியில் உள்ள லிங்க் பட்டியலைப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மேக்ரோவுக்குள் (எக்செல் கோப்பில் எழுதி வைத்த சிறு நிரல்) எழுதியிருக்கும் முகவரிகள் இந்தப் பட்டியலில் வராது என்பதால் அவற்றைத் தனியே தேட வேண்டும். இணைந்த கோப்புகளை ஒரே நாளில், ஷேர்பாயின்ட்டில் கோப்புகள் வைக்கும் பகுதியான ஒரே லைப்ரரிக்கு நகர்த்தி, லிங்கை உடனே திருத்தினால் தப்பிக்கலாம்.

பெயர் நீளம் நம் மொழிக்கே உரிய சிக்கல். ஷேர்பாயின்ட்டில் ஃபோல்டர் பெயர்களும் கோப்பின் பெயரும் சேர்ந்த முழுப் பாதை 400 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. எக்செல் 218-ஐத் தாண்டினால் திறக்க மறுக்கும். தமிழில் பெயர் வைத்தால் கணினியின் எண்ணிக்கை வேறு: ‘கொள்முதல்’ நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு ஒன்பது. உயிர்க்குறிகளும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. போதாததற்கு, சிங்க் செய்த கணினியில் பயனர் பெயர், நிறுவனத்தின் முழுப் பெயர், தளத்தின் பெயர் எல்லாம் பாதையின் முன்னால் ஒட்டிக்கொள்ளும். ஷேர்பாயின்ட்டில் ஒவ்வொரு பிரிவுக்கும் தொடங்கும் தளங்களுக்கு ‘கணக்கு’, ‘கொள்முதல்’ என்று ஒரே சொல்லில் பெயர் வைப்பதும், ஃபோல்டர் ஆழத்தை நான்கு அடுக்கோடு நிறுத்துவதும் நல்லது.

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கடிதங்கள் இன்னொரு தலைவலி. தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. அலுவலகக் கோப்புகள் பல இன்னும் மாறவில்லை. அந்த எழுத்துரு இல்லாத பிரவுசரில் திறந்தால் தமிழுக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். தேடினாலும் கிடைக்காது. எல்லாவற்றையும் மாற்றப் புறப்பட வேண்டாம்: மாற்றி நிரல்கள் கடிதத்துக்கு நடுவே உள்ள ஆங்கிலச் சொற்களையும் தமிழ் என்று நினைத்துக் குதறிவிடும். இப்போதும் பயன்படும் மாதிரிப் படிவங்களை மட்டும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மற்றவற்றை அந்த எழுத்துரு இருக்கும் கணினியிலேயே எழுத்துருவையும் உள்ளடக்கி பிடிஎஃப் ஆக்கி, மூலக் கோப்போடு சேர்த்து வையுங்கள்.

சர்வரில் இருந்த ஃபோல்டர் அமைப்பை அப்படியே மேலே ஏற்றுவது, பலரும் செய்யும் தவறு. பிரிவுக்கு ஒரு தளம், அந்தத் தளத்துக்கு உரிமையாளர் இருவர், உறுப்பினர்கள், பார்வையாளர்கள் என்று அனுமதியைத் தள அளவில் கொடுத்தால் யார் எதைப் பார்க்கிறார் என்பது புரியும். ஃபோல்டர் ஃபோல்டராக அனுமதியை வெட்டத் தொடங்கினால் ஆறு மாதத்தில் யாருக்கும் கணக்குத் தெரியாது. சம்பளப் பட்டியலுக்குத் தனித் தளமே போடுங்கள். லிங்க் கிடைத்த யாரும் பாஸ்வேர்டு இல்லாமல் திறக்கக்கூடிய பகிர்வு முறையை நிர்வாகப் பக்கத்தில் முதல் நாளே அடைத்துவிடுங்கள். இரண்டு கட்ட உள்நுழைவையும் அன்றே கட்டாயமாக்குங்கள். நிறுவனத்தின் கோப்பு எதுவும் ஊழியரின் தனி ஒன்டிரைவில் இருக்கக் கூடாது. அவர் வேலையை விட்டுப் போனபின் நிறுவனம் அவருடைய பயனர் கணக்கை நீக்கினால், அமைப்பை மாற்றாதவரை 30 நாள்களில் அதுவும் நீக்கப்படும் வரிசைக்குப் போய்விடும்.

இடத்துக்கு வருவோம். ஷேர்பாயின்ட்டில் ஒரு நிறுவனத்துக்கு 1 டிபியும், உரிமம் ஒன்றுக்கு 10 ஜிபியும் கிடைக்கும். 20 பேர் என்றால் ஏறத்தாழ 1.2 டிபி. ஆனால் கோப்பின் பழைய பதிப்புகளும் இந்த இடத்தைத்தான் தின்கின்றன. பதிப்புகளின் எண்ணிக்கை வழக்கமாக 500 என்று இருக்கும். 40 எம்பி கோப்பு ஒன்று 100 முறை சேமிக்கப்பட்டால் 4 ஜிபி போயிற்று. பெரிய கோப்புகள் இருக்கும் லைப்ரரிகளில் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு ஏற்றத் தொடங்குங்கள்.

ஏற்றுவதற்கு மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ஷேர்பாயின்ட் மைக்ரேஷன் டூல் போதும். பிரவுசரில் இழுத்துப் போட்டால் எல்லாக் கோப்புக்கும் ஏற்றிய நாளே திருத்திய தேதியாகவும், ஏற்றியவர் பெயரே திருத்தியவர் பெயராகவும் பதிந்துவிடும். 2021-இல் போட்ட ஒப்பந்தம் நேற்று திருத்தியதாகத் தெரிந்தால் ஆடிட்டருக்கு என்ன பதில் சொல்வது? டூல் பழைய தேதியைக் காப்பாற்றும். முதலில் அதன் ஸ்கேனை மட்டும் ஓட்டினால், நீளப் பெயர்களும் முன்னும் பின்னும் இடைவெளி விட்ட பெயர்களும் அறிக்கையில் வந்துவிடும். பிறகு இன்டர்நெட் கணக்கு: 1 டிபியை 50 எம்பிபிஎஸ் பதிவேற்ற வேகத்தில் அனுப்ப, தடையே இல்லாவிட்டாலும் 44 மணி நேரத்துக்கு மேல் ஆகும். லட்சக்கணக்கான சிறு கோப்புகள் என்றால் இதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிவிறக்க வேகத்தைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். சில இணைப்புகளில் பதிவேற்ற வேகம் மிகக் குறைவு.

ஒரு சிறு பிரிவை வைத்து இரண்டு வாரம் சோதனை நடத்திவிட்டு, மற்றவற்றை இரவுகளில் ஏற்றுங்கள். வெள்ளி மாலை சர்வரில் எல்லோருக்கும் எழுதும் உரிமையை நிறுத்திவிட்டு, மாறியவற்றை மட்டும் மறுபடி ஓட்டினால் திங்கள் காலை புதிய இடம் தயார். மார்ச் கடைசியிலும், ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடும் 11, 20 தேதிகளை ஒட்டியும் இதை வைத்துக்கொள்ள வேண்டாம். மறந்துவிடும் ஒன்று: ஸ்கேன் செய்ததை சர்வர் ஃபோல்டருக்கு அனுப்பிக்கொண்டிருந்த ஜெராக்ஸ் இயந்திரத்துக்குப் புதிய வழி சொல்லித் தர வேண்டும். எல்லோரும் எல்லா லைப்ரரியையும் சிங்க் செய்தாலும் கணினிகள் திணறும். ஒருவருக்கு மொத்தம் 3 லட்சம் கோப்புகளுக்கு மேல் வேண்டாம் என்பது மைக்ரோசாஃப்ட்டின் பரிந்துரை.

சிங்க் என்பது பேக்கப் அல்ல. ஒரு கணினியில் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீய நிரல்) புகுந்து பூட்டிய கோப்பும் விசுவாசமாக மேலே ஏறும். அழித்தவை குப்பைத் தொட்டியில் 93 நாள்தான் இருக்கும். இதோடு, மின்னணு முறையில் கணக்குப் புத்தகம் வைத்திருக்கும் கம்பெனிகள் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் பேக்கப் எடுக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. முன்பு ‘அவ்வப்போது’ என்றிருந்தது. மைக்ரோசாஃப்ட்டுக்குப் புனே, சென்னை, மும்பையில் தரவு மையங்கள் உண்டு. ஆனால் கணக்கைத் தொடங்கும்போது தேர்ந்தெடுத்த நாட்டைப் பிறகு மாற்ற முடியாது. நிர்வாகப் பக்கத்தில் தரவு இருக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டு, தனி பேக்கப் சேவையையும் முதல் மாதச் செலவிலேயே சேருங்கள்.

பழைய சர்வரை, படிக்க மட்டும் முடிகிற நிலையில் குறைந்தது 60 நாளாவது வைத்திருங்கள். ‘அந்த ஃபைல் காணோம்’ என்ற குரல் மாதக் கணக்கு முடிக்கும் நாளில்தான் வரும். இரண்டு மாத முடிவுகள் கடந்த பிறகு, ஹார்டு டிஸ்க்கில் உள்ளதை முழுதாக அழித்துவிட்டு சர்வரைக் கைமாற்றுங்கள்.

இப்படிக்கு,
கணினி வலையமைப்புப் பராமரிப்பாளர்,
கோயம்புத்தூர்.