பதில் மேஸ்திரி கைக்கு வரவேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கட்டுமானத் தொழிலுக்குள் மென்பொருள் வந்தபிறகு காகிதச் சண்டைகள் ஒழிந்துவிட்டன என்று தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை ஊத்துக்குளி பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே படித்து முடித்தேன். அந்த மென்பொருளில் கேள்விகளைப் பதிவு செய்வதுதான் என் அன்றாடச் சோலி. அதனால் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது.

நான் சிவில் டிப்ளமோ படித்தவள். பத்தொன்பது வருடமாகச் சைட்டில் இருக்கிறேன். முதல் பதினொரு வருடம் சூப்பர்வைசர், இந்த எட்டு வருடமாக ஓர் ஒப்பந்தக்காரரிடம் டாக்குமெண்ட் கன்ட்ரோலர், அதாவது படங்களையும் கேள்வி பதில்களையும் பதிவு செய்து காப்பவள். திருப்பூர், பல்லடம், பெருந்துறைப் பக்கம் பனியன் கம்பெனி, நூல் மில், குடோன் இவற்றைத்தான் அதிகம் கட்டுகிறோம். கட்டட வரைபடத்தில் ஓர் அளவு விட்டுப்போயிருந்தாலோ, இரண்டு படங்கள் ஒத்துவராவிட்டாலோ, நாங்களாக ஒரு முடிவு எடுத்துக் கட்டிவிடக் கூடாது. கட்டடத்தை வடிவமைத்துப் படம் கொடுக்கிற கன்சல்டண்ட்டிடம் எழுத்தில் கேட்கவேண்டும். அதற்குத்தான் ஆர்எஃப்ஐ, அதாவது தகவல் கோரிக்கை என்று பெயர். முன்பு லெட்டர்ஹெட்டில் எழுதிக் கூரியரில் அனுப்பினோம். இப்போது புரோகோர், ஆட்டோடெஸ்க், அகோனெக்ஸ் என்று பல மென்பொருள்கள் வந்திருக்கின்றன. கேள்வியைப் போட்டதும் அதற்கு ஒரு நம்பர் விழும். யார் பதில் சொல்லவேண்டும், எந்தத் தேதிக்குள், இதனால் செலவு கூடுமா, நாள் கூடுமா என்று ஒவ்வொன்றுக்கும் கட்டம் உண்டு. புரோகோரில் ‘பால் இன் கோர்ட்’ என்றே ஒரு கட்டம் இருக்கிறது. பந்து இப்போது யார் கையில் என்று அதில் தெரியும். தேதி தாண்டினால் சிவப்பாகிவிடும். நல்ல ஏற்பாடு, நான் அதைக் குறை சொல்ல வரவில்லை.

சென்ற வருடம் ஒரு மில் வேலையில் நடந்ததைச் சொல்கிறேன். ரிங் ஃப்ரேம் என்கிற நூல் நூற்கும் மெஷின் வரிசைக்குக் கீழே, காற்றைத் திரும்ப இழுக்கத் தரைக்கடியில் டிரெஞ்ச் என்கிற கால்வாய் போகும். மில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த டிரெஞ்சும் மெஷினும் சென்டிமீட்டர் பிசகாமல் பொருந்தவேண்டும். பில்லர்க்குழி தோண்டியாகிவிட்டது. பில்லருக்கு அடியில் வரும் கான்கிரீட் அடித்தளமான ஃபுட்டிங்குக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் மேஸ்திரிக்கு அறுபது வயதிருக்கும், சென்னிமலைக்காரர். டிரெஞ்சுக்குச் சுண்ணாம்புத் தூளில் போட்ட கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றவர், டேப்பை இழுத்துப் பிடித்து என்னைக் கூப்பிட்டார்.

“ஏனுங்க அம்முணி, சித்தெ இங்க வாங்க. இந்த டிரெஞ்சுச் செவுரு நம்ம ஃபுட்டிங்கு மேலயே வந்து ஏறுதுங்களே?”

இறங்கிப் பார்த்தேன். ஃபுட்டிங் 2.80க்கு 2.80 மீட்டர். பில்லர் மையத்திலிருந்து பாதி 1.40. டிரெஞ்சின் வெளிமுகமோ மையத்திலிருந்து 1.10இல் வருகிறது. ஃபுட்டிங்கின் மேல்மட்டம் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் ஆழத்தில், டிரெஞ்சின் அடிமட்டம் இரண்டு மீட்டரில். முப்பது சென்டிமீட்டர் ஒன்றுக்குள் ஒன்று நுழைகிறது. ஃபுட்டிங் படம் வரைந்தது ஓர் ஆபீஸ், டிரெஞ்ச் படம் கொடுத்தது மெஷின்காரர்கள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்த முதல் ஆள், குழிக்குள் நின்ற மேஸ்திரி.

அன்று மாலையே பதிவு செய்தேன். அது 37ஆம் நம்பர். (எஸ்-03 ஃபுட்டிங் படத்தின் நம்பர், எம்-02 டிரெஞ்ச் படத்தின் நம்பர், ரிவிஷன் என்றால் எத்தனையாவது திருத்தம் என்று அர்த்தம்.) ‘சி வரிசை, 4 முதல் 8 வரை ஐந்து பில்லர். எஸ்-03 ரிவிஷன் 1-இல் ஃபுட்டிங் அளவு இது. எம்-02 ரிவிஷன் 0-இல் டிரெஞ்ச் தூரம் இது. 0.30 மீட்டர் மோதுகிறது. எதை மாற்றுவது? வெள்ளிக்கிழமை கான்கிரீட்.’ டேப் தெரியும்படி எடுத்த போட்டோ இரண்டு, சிவப்பு வட்டம் போட்ட படம் ஒன்று. இதற்குமேல் ஒரு கேள்வியை எப்படித் தெளிவாகக் கேட்பது என்று எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் பதில் வந்தது. ‘திருத்திய படத்தைப் பார்க்கவும்.’ அவ்வளவுதான். கேள்வி மூடப்பட்டது என்று பச்சை விழுந்துவிட்டது. திருத்திய படமோ மென்பொருளில் ஏறவே இல்லை. அன்று மத்தியானமே எங்கள் சைட் இன்ஜினியருக்குக் கன்சல்டண்ட் ஆபீஸிலிருந்து போன் வந்திருக்கிறது. டிரெஞ்சை நாற்பது சென்டிமீட்டர் தள்ளிக்கொள்ளலாம், ஃபுட்டிங்கில் கை வைக்கவேண்டாம் என்று. “தள்ளிக்கச் சொல்லிப்போட்டாருங்க, வெள்ளிக்கிழமை போட்டறலாம்” என்றார் இன்ஜினியர். ஐந்து ஃபுட்டிங்கும் பழைய படப்படியே போட்டார்கள். கிட்டத்தட்ட இருபது கன மீட்டர் கான்கிரீட்.

கேள்வி போட்ட பன்னிரண்டாம் நாள் படம் ஏறியது. டிரெஞ்ச் அதே இடத்தில், மெஷின் வரிசையை அசைக்க முடியாது என்பதால். ஃபுட்டிங் 2.00க்கு 4.00 மீட்டராக ஒடுங்கி நீண்டிருந்தது. ஒரே கேள்விக்குப் போனில் ஒரு பதில், படத்தில் வேறு பதில்.

பிரேக்கர் வைத்து உடைத்தோம். நான்கு நாள். கம்பியை வெட்டி எடுக்கும்போது மேஸ்திரி பக்கத்தில் நிற்கவில்லை, தண்ணித்தொட்டிப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். மோதுகிறது என்று முதலில் கண்டுபிடித்தவர் அவர். அவர் ஆட்களே போட்டதை அவர் ஆட்களே உடைத்தார்கள். செலவு யார் தலையில் என்று சைட் ஆபீஸில் பேச்சு வந்தபோது எங்கள் தரப்பு, “போனில் கேட்டுத்தான் செய்தோம்” என்றது. கன்சல்டண்ட் தரப்பு, “நாங்கள் அப்படிச் சொல்லவே இல்லை” என்றது.

இந்த இரண்டு வாக்கியங்களும் எனக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் கன்சாஸ் சிட்டியில் ஹயாத் ரீஜென்சி ஓட்டலில் 1981 ஜூலை 17 அன்று, கம்பியில் தொங்கிய நடைபாதைகள் அறுந்து விழுந்து 114 பேர் இறந்துபோனார்கள். முதல் படத்தில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இருந்த இரண்டு நடைபாதைகளையும் ஒரே நீளக் கம்பி தாங்குவதாக இருந்தது. இரும்பு வேலை எடுத்தவர்கள் அதை இரண்டு துண்டுக் கம்பியாக மாற்றினார்கள். கீழ் நடைபாதையின் பாரமும் சேர்ந்து மேல் நடைபாதையின் இணைப்பில் விழுந்தது, அங்கே சுமை இரட்டிப்பானது. போனில் கேட்டு ஒப்புதல் வாங்கினோம் என்றார்கள் இரும்பு வேலைக்காரர்கள். அப்படி ஒரு போனே வரவில்லை என்றது பொறியாளர் தரப்பு. எங்கள் சைட்டில் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் அந்த மேஜையைச் சுற்றி அதே பேச்சைக் கேட்டபோது எனக்குக் கை நடுங்கியது.

என் தவறும் இதில் உண்டு. பச்சையைப் பார்த்துவிட்டு நான் 38ஆம் நம்பருக்குப் போய்விட்டேன். ‘மூடியது’ என்று ஆனதும் அந்தக் கேள்வி தாமதப் பட்டியலிலிருந்து காணாமல் போய்விடுகிறது. படம் வராத ஒன்பது நாளும் அது யார் கண்ணிலும் படவில்லை. மூடாமல் திறந்தே இருந்திருந்தால் தினமும் காலையில் சிவப்பாக என் முன்னால் வந்து நின்றிருக்கும். இதைத்தான் கன்சல்டண்ட் ஆபீஸில் இருக்கிறவர்கள் மனதில் வைக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ‘படத்தைப் பார்க்கவும்’ என்று எழுதினால் அந்தப் படத்தின் நம்பரையும் ரிவிஷனையும் போட்டு, படத்தை ஏற்றிவிட்டு எழுதுங்கள். போனில் சொல்ல நேர்ந்தால், சொன்னதை அதே நம்பரின் கீழ் இரண்டு வரி தட்டிவிடுங்கள். இரண்டு நிமிட வேலை.

இப்போது நான் பதில் வந்ததும் மூடுவதில்லை. புதுப் படத்தைப் பிரிண்ட் எடுத்து, சைட்டில் இருக்கிற பழைய படத்தில் ‘ரத்து’ முத்திரை குத்தித் திரும்ப வாங்கி, மேஸ்திரி புதுப் படத்தைப் பார்த்து நோட்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மூடுகிறேன். டேப்லெட் கொடுத்திருக்கிறார்களே என்பார்கள். குழிக்குள் சிக்னல் கிடைக்காது. சிங்க் ஆகாத டேப்லெட் போன வாரத்துப் படத்தையே காட்டிக்கொண்டிருக்கும், அதைக் கையில் வைத்திருப்பவருக்குத் தெரியாது.

கன்சல்டண்ட் பக்கத்து நியாயத்தையும் நான் மறுக்கவில்லை. ஓர் இளம் இன்ஜினியர் பத்துப் பன்னிரண்டு சைட்டுக்குப் பதில் எழுதுகிறார். ஃபுட்டிங்குக்கு கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட் கனம், எவ்வளவு என்று ஒருவர் ஆர்எஃப்ஐ போட்டால் அவருக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456இல் 50 மில்லிமீட்டர் என்றும் பில்லருக்கு 40 என்றும் இருக்கிறது, படத்தின் ஓரத்துக் குறிப்பிலும் இருக்கும். இதைவிட மோசம், வேலை தாமதமானதற்குச் சாக்குச் சேர்க்க ஒரே நாளில் இருபது கேள்வி போடுகிற ஒப்பந்தக்காரர்கள். அந்த இருபதுக்குள் உண்மையான ஒரு கேள்வி புதைந்துபோகிறது. 2013இல் அமெரிக்க நிறுவனமான நேவிகன்ட் பல நாடுகளின் 1,362 கட்டுமானத் திட்டங்களை வைத்து வெளியிட்ட ஆய்வில், பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ஆர்எஃப்ஐகளில் ஐந்தில் ஒன்றுக்குப் பதிலே வரவில்லை, பதில் வரச் சுமார் பத்து நாள் ஆனது என்று இருக்கிறது. வெளிநாடுகளிலும் இதே கதைதான்.

இன்னொரு குழப்பம், இதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. ரோடு வேலையில் ஆர்எஃப்ஐ என்றால் ‘வந்து பரிசோதியுங்கள்’ என்ற கோரிக்கை. கட்டட வேலையில் தகவல் கோரிக்கை. அவினாசிப் பக்கம் நெடுஞ்சாலை வேலை பார்த்துவிட்டு எங்களிடம் சேர்ந்த ஒரு தம்பி, கேள்விகளையெல்லாம் இன்ஸ்பெக்‌ஷன் என்று நினைத்து ‘பரிசோதித்தாயிற்று’ என்று நிரப்பிக்கொண்டிருந்தார். இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தோம்.

மில் முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. நான் பார்த்த உள்ளூர் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் இரண்டு பக்கம். சதுரஅடி ரேட், அட்வான்ஸ், முடிக்கும் தேதி. கேள்விக்கு எத்தனை நாளில் பதில் வரவேண்டும் என்ற வரியே கிடையாது. சர்வதேசப் பொறியாளர் கூட்டமைப்பான ஃபிடிக் வெளியிட்ட மாதிரிக் கட்டுமான ஒப்பந்தத்தின் 1999 பதிப்பில் 1.9ஆம் பிரிவு என்றே ஒன்று இதற்காக இருக்கிறது. படமோ உத்தரவோ வரத் தாமதமாகி வேலை நின்றால் ஒப்பந்தக்காரர் முன்கூட்டி எழுத்தில் அறிவிக்கவேண்டும், அதற்குப்பிறகும் வராவிட்டால் நாளும் செலவும் கேட்கலாம். அவ்வளவு பெரிய ஒப்பந்தம் நமக்கு வேண்டாம். ‘ஐந்து வேலை நாளில் பதில், அடித்தளம் சம்பந்தப்பட்டால் இரண்டு நாளில்’ என்று ஒரே ஒரு வரி சேருங்கள். கான்கிரீட்டை உடைத்த பணம் சுற்றிச் சுற்றிக் கடைசியில் உங்களிடம்தான் வந்து நிற்கும்.

மொழியைப் பற்றியும் சொல்லவேண்டும். மேஸ்திரி தமிழில் கேட்கிறார். கம்பி கட்டுகிற பீகார், ஒடிசா ஆட்களுக்கு இந்தி. மென்பொருளில் இங்கிலீஷ். மேஸ்திரி சொன்னதைத் தமிழிலேயே தட்டி, கீழே இங்கிலீஷில் எழுதுவது என் வழக்கம். மென்பொருள் தமிழை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் ஓர் ஆபீஸிலிருந்து, ‘இங்கிலீஷ் மட்டும் போடவும்’ என்று திருப்பி அனுப்பினார்கள். “ஃபுட்டிங்கு மேலயே வந்து ஏறுதுங்களே” என்பதில் இருந்த அவசரம் என் இங்கிலீஷில் வரவில்லை. கோவையிலும் ஈரோட்டிலும் உட்கார்ந்து படம் போடுகிறவர்களுக்குத் தமிழ் தெரியாதா?

எங்கள் பெரியப்பா கொத்தனார். எழுதப் படிக்கத் தெரியாது. ஜன்னல் எங்கே வரவேண்டும் என்று சந்தேகம் வந்தால் கரித்துண்டால் சுவரிலேயே கட்டம் போட்டுவிட்டு, வீட்டுக்காரர் வந்து பார்த்து அதே சுவரில் கோடு போட்டுக் காட்டுகிறவரைக்கும் அந்தப் பக்கம் ஒரு செங்கல் வைக்கமாட்டார். வேறு சுவரில் வேலை பார்ப்பார். கேள்வியும் பதிலும் ஒரே இடத்தில் இருந்தன. கட்டுகிற ஆள் கண் முன்னாலேயே இருந்தன.

இதை எழுதுகிற இன்று 52ஆம் நம்பர் திறந்திருக்கிறது. முதல் மாடி பீம், டாய்லெட் பள்ளம் வருகிற இடம். ஆர்க்கிடெக்ட் படத்தில் பள்ளம் 45 சென்டிமீட்டர், ஸ்ட்ரக்சுரல் படத்தில் 30. நான்கு நாள் ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமைக்கு ரெடிமிக்ஸ் கான்கிரீட் சொல்லிவைத்திருக்கிறார்கள், நான் நிறுத்திவைக்கச் சொல்லியிருக்கிறேன். தினமும் காலையில் மேஸ்திரி ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்க்கிறார். “பதிலு வந்துருச்சுங்களா அம்முணி?”

இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
கட்டுமான நிறுவன டாக்குமெண்ட் கன்ட்ரோலர் ஒருவர்,
ஊத்துக்குளி, திருப்பூர் மாவட்டம்.