அக்டோபர் 31 மாலை உங்கள் வாசல் விளக்கு எரியட்டும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகக் கதவைத் தட்டி மிட்டாய் வாங்கும் ஹாலோவீன் பண்டிகை இந்த வருஷம் சனிக்கிழமை வருகிறது. அன்று நம் தமிழ்ப் பள்ளி வகுப்புகளை மூன்றரை மணிக்கே முடித்துவிடலாம் என்று ஆசிரியர்கள் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம். அதற்கான காரணத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

போன வாரம் மூன்றாம் நிலைப் பிள்ளைகளிடம் ஹாலோவீன் பற்றி ஐந்து வரி எழுதச் சொன்னோம். அப்பா காரில் மாலுக்குக் கூட்டிப் போவார், பெரிய பெரிய வீடுகள் இருக்கும் வேறு ஊருக்குப் போவோம் என்றுதான் பலர் எழுதியிருந்தார்கள். ஒரு குழந்தை, "எங்கள் வீட்டில் எல்லா லைட்டையும் அணைத்துவிட்டுப் போவோம்" என்று எழுதியிருந்தாள். அந்த வரி எனக்குள்ளேயே நின்றுவிட்டது.

ஏனென்றால் நானும் அதைச் செய்திருக்கிறேன். நியூ ஜெர்சிக்கு வந்த முதல் வருஷம், யாரோ கதவைத் தட்டுகிறார்களே என்று பயந்து, விளக்கை அணைத்துவிட்டு மாடியில் சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் எதிர்வீட்டுப் பாட்டி ஒரு கிண்ணம் நிறைய மிட்டாயோடு வந்து விளக்கினார். வாசல் விளக்கு எரிந்தால் வா என்று அர்த்தம். அணைந்திருந்தால் வர வேண்டாம் என்று அர்த்தம். இந்தப் பழக்கம் முழுவதும் இந்த ஒரு சைகையில்தான் நிற்கிறது.

ஒரு தெருவில் நாலு வீடு இருட்டாக இருந்தால் பிள்ளைகள் அந்தத் தெருவுக்குள் நுழைவதில்லை. விளக்கு போட்டிருந்தவர்கள் இரண்டு பை மிட்டாய் வாங்கிவைத்து, யாரும் வராமல், அடுத்த வருஷம் அவர்களும் அணைத்துவிடுகிறார்கள். நாம் வாங்கிக் குடிபோகிற புதிய டவுன்ஹவுஸ் குடியிருப்புகளில் இதை வருஷா வருஷம் பார்க்கிறேன். நம் பிள்ளைகள் அடுத்த ஊர் வாசலில் மிட்டாய் வாங்குகிறார்கள். நம் வாசலுக்கு வருகிற பிள்ளைக்குக் கதவு திறப்பதில்லை. இது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கொலு நமக்குத் தெரியும். படி கட்டிச் சுண்டலை அவித்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக் கொலுவுக்கு மட்டும் போவோமா? நாமும் போவோம், வருகிறவர்களுக்கும் ஆள் இருக்கும். அதே முறைதான் இதுவும். அம்மா பிள்ளைகளோடு நடக்கட்டும், அப்பா வாசலில் உட்காரட்டும். தாத்தா பாட்டி ஊரிலிருந்து வந்திருந்தால் இன்னும் நல்லது. கிண்ணத்தை அவர்களிடம் கொடுங்கள். ஆங்கிலம் தெரியாது என்று ஒதுங்க வேண்டாம். குட்டி சூப்பர்மேனைப் பார்த்துச் சிரிக்க மொழி தேவையில்லை.

பேய்ப் பண்டிகை நமக்கு எதற்கு என்று சில பெற்றோர் கேட்டிருக்கிறீர்கள். அயர்லாந்து, ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த வழக்கம் இது. அங்கே டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள், இங்கே பரங்கிக்காய் கிடைத்தது. பழைய இங்கிலாந்தில் இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்வதாகச் சொல்லி ஏழைகள் வீடு வீடாகப் போய்ச் சிறு கேக்குகளை வாங்கிச் சாப்பிட்டார்கள். மகாளய அமாவாசைக்குப் படையல் போடுகிற நமக்கு அது அவ்வளவு தூரமான எண்ணம் இல்லை. ஆனாலும் மத நம்பிக்கை காரணமாக வேண்டாம் என்றிருக்கும் குடும்பங்களை நான் வற்புறுத்தவில்லை.

இந்தப் பழக்கம் ஒருமுறை ஏறக்குறைய நின்றுபோயிருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் சர்க்கரை ரேஷனுக்குப் போனது, மிட்டாய் இல்லை, பிள்ளைகள் வீட்டோடு இருந்தார்கள். 1947-இல் ரேஷன் முடிந்த பிறகு பெரியவர்கள் மறுபடி கதவைத் திறந்ததால்தான் இன்று நமக்கு இது இருக்கிறது.

அப்புறம், பயம். மிட்டாயில் விஷம், பிளேடு என்று ஒவ்வொரு அக்டோபரிலும் வாட்ஸ்அப்பில் வருகிறது. டெலவேர் பல்கலைக்கழகச் சமூகவியல் பேராசிரியர் ஜோயல் பெஸ்ட், 1958 முதல் வந்த இப்படிப்பட்ட செய்திகளைத் திரட்டி ஆராய்ந்தவர். முன்பின் தெரியாதவர் கொடுத்த ஹாலோவீன் மிட்டாயால் ஒரு குழந்தை இறந்ததாக உறுதியான சம்பவம் ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. 1974-இல் டெக்சாஸில் ஒரு சிறுவன் இறந்தது உண்மை. விஷம் வைத்தது பெற்ற தகப்பனே, காப்பீட்டுப் பணத்துக்காக.

உண்மையில் பயப்பட வேண்டியது கார்களுக்கு. 1975 முதல் 2016 வரையிலான விபத்துக் கணக்குகளை ஆராய்ந்ததில், முன்பின் வார மாலைகளைவிட ஹாலோவீன் மாலையில் நடந்துபோகிறவர்கள் வண்டி மோதி இறப்பது 43 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு அபாயம் இதைவிடப் பல மடங்கு. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போகும்போது அந்தத் தெருவில் இன்னொரு காரைச் சேர்க்கிறோம். நம் தெருவிலேயே நடந்தால் ஒரு கார் குறைகிறது. ஆறரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். கையில் டார்ச் இருக்கட்டும். கறுப்பு உடை என்றால் முதுகில் ஒளி பட்டால் மின்னும் டேப் ஒன்று ஒட்டுங்கள். முகமூடியைவிட முகத்தில் வண்ணம் பூசுவது மேல், கண்ணை மறைக்காது.

முறுக்கு, அதிரசம் கொடுக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: வேண்டாம். வீட்டில் செய்ததை இங்கே பெற்றோர் தூக்கிப் போட்டுவிடுவார்கள். கடையில் உறையோடு விற்கும் மிட்டாய் வாங்குங்கள். வேர்க்கடலை ஒவ்வாத பிள்ளைகளுக்காகப் பென்சில், ஸ்டிக்கர் தனிக் கிண்ணத்தில் வைத்து, வாசலில் நீலப்பச்சை நிறப் பரங்கிக்காய் ஒன்று வைத்தால், தின்பண்டம் அல்லாத பரிசும் இங்கே உண்டு என்ற அதன் பொருள் அந்தப் பெற்றோருக்குப் புரியும். சைவக் குடும்பங்கள் கவனிக்க: ஜவ்வு போல மெல்லும் ‘கம்மி’ (gummy) மிட்டாய்களில் பெரும்பாலும் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும். பையை வீட்டில் கொட்டிப் பிரித்துப் பாருங்கள்.

வாசலில் உட்கார முடியாதவர்கள், இரவுப் பணிக்குப் போகிறவர்கள், விளக்கைப் போட்டு ஒரு கிண்ணத்தை வெளியே வைத்துவிட்டுப் போனாலும் போதும்.

அன்று வகுப்புக்குப் பிள்ளைகள் வேஷத்தோடே வரலாம். வாள், துப்பாக்கி மட்டும் வேண்டாம், நாம் வாடகைக்கு எடுத்திருக்கும் பள்ளியின் விதி அது. மூன்றரைக்கு வாசலில் இருந்து கூட்டிக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் பிள்ளைகள் மறுபடி ஐந்து வரி எழுதுவார்கள், தங்கள் வீட்டுக் கதவை யார் யார் தட்டினார்கள் என்று.

அன்புடன்,
தலைமையாசிரியர்