வேலைக்குப் போகும் சைக்கிளை அளந்து வாங்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சைக்கிளுக்கும் அதன் உதிரிபாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியிருக்கிறது. வீட்டில் ஏற்கனவே ஒரு சைக்கிள் இருக்க, வேலைக்குப் போய்வர லேசான ரோடு சைக்கிள் ஒன்று இரண்டாவதாக வாங்கலாமா என்று விசாரிப்பவர்கள் கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடி பக்கம் இருக்கிறார்கள். கடையில் முதலில் கேட்பது "எத்தனை கியர்?" அடுத்தது விலை. தன் காலுக்கும் கைக்கும் எந்த அளவு பொருந்தும் என்று கேட்பவர் அபூர்வம். கேட்காததால் கடைக்காரரும் கையிருப்பில் நிற்பதை எடுத்து நீட்டிவிடுகிறார்.

பழைய கறுப்புச் சைக்கிளை விற்க வேண்டாம். 18 முதல் 20 கிலோ எடை இருந்தாலும், கேரியரில் மூட்டை ஏற்ற அதுதான் லாயக்கு. ஆனால் திருவையாற்றிலிருந்து தஞ்சாவூர் 13 கிலோமீட்டர். அதைத் தினமும் போய்வர வேறு வண்டி வேண்டும். முன்னால் ஷாக், பெருத்த டயர் என்று காட்சிக்கு நிற்கும் வண்டிகள் அதற்கு உதவாது. அவையும் 16, 17 கிலோவுக்குக் குறையாது. விலை குறைந்த ஷாக் ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையின்) உள்ளே இருப்பது வெறும் ஸ்பிரிங். எழுந்து நின்று மிதித்தால் பலத்தில் ஒரு பங்கை அதுவே வாங்கிக்கொள்ளும், இரண்டு ஐப்பசி மழையில் துருவும் ஏறிவிடும்.

அலுமினிய ஃபிரேமும் ஷாக் இல்லாத ஃபோர்க்கும் உள்ள ரோடு சைக்கிள் 10, 11 கிலோவில் கிடைக்கும். நேர் ஹேண்டில் பார் வைத்த ஹைபிரிட் என்றால் 12, 13. அதற்கும் கீழே 8 கிலோவுக்குப் போக பெரும்பாலும் கார்பன் ஃபிரேம் வேண்டும், விலை பல மடங்கு. நம் ஊரில் அந்தக் காசு வீண். தட்டைத் தரையில் ஒரே வேகத்தில் போகும்போது கால் போராடுவது காற்றோடும் டயரோடும்தான், எடையோடு அல்ல. எடை தெரிவது நின்று கிளம்பும்போது, மேம்பாலம் ஏறும்போது, மாடிக்குத் தூக்கும்போது. சோற்று டப்பா, தண்ணீர் பாட்டில், பூட்டுச் சங்கிலி எல்லாம் சேர்ந்தாலே மூன்று கிலோ ஆகிவிடும். எடையைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால் ரிம்மிலும் டயரிலும் குறையுங்கள். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அது காலுக்குத் தெரியும்.

இனி அளவு. செருப்பில்லாமல் சுவரோடு முதுகை ஒட்டி, பாதங்களுக்கு நடுவே 15 செ.மீ. விட்டு நில்லுங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றை, அதன் முதுகு மேலே இருக்கும்படி கவட்டில் வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் அழுத்துகிற அளவுக்கு மேலே தூக்குங்கள். ஓரம் சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அளவு தவறிவிடும். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை டேப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். இந்தக் கவட்டளவை 0.67-ஆல் பெருக்கினால் ரோடு சைக்கிளின் சீட் குழாய் நீளம், அதாவது ஃபிரேம் அளவு, ஏறக்குறைய வந்துவிடும். 0.883-ஆல் பெருக்கினால் கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம். கவட்டளவு 78 செ.மீ. என்றால் ஃபிரேம் 52, சீட் உயரம் 69. இது தொடக்கக் கணக்குதான். பிறகு சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே கொண்டுபோங்கள். கால் நேராக நீள வேண்டும், ஆனால் எட்டிப் பிடிக்கக் கூடாது. முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியபடி இருக்கும். இடுப்பு இடமும் வலமும் ஆடினால் சீட் உயரம் அதிகம். இறங்கி இரண்டு காலும் தரையில் ஊன்றி நின்றால் மேல் பாருக்கும் கவட்டுக்கும் நடுவே மூன்று செ.மீட்டராவது இடைவெளி இருக்க வேண்டும்.

இப்போது வரும் பல ஃபிரேம்களில் மேல் பார் பின்பக்கம் சரிந்திருக்கும். அவற்றில் சீட் குழாய் நீளத்தை நம்ப முடியாது. 'எம்' என்று ஒட்டியிருப்பதையும் நம்ப முடியாது, ஒரு கம்பெனியின் எம் இன்னொன்றின் எஸ்ஸாக இருக்கும். அங்கே பார்க்க வேண்டியது சீட்டிலிருந்து ஹேண்டில் வரை உள்ள எட்டம். பிரேக் பிடியின் மேல் கை வைத்தால் முழங்கை கொஞ்சம் மடங்கி, தோள் இறுகாமல் இருக்க வேண்டும். எட்டம் ஒன்று, இரண்டு செ.மீ. கூடியிருந்தால் குட்டை ஸ்டெம் (ஹேண்டிலைத் தாங்கும் துண்டு) போட்டுச் சரிசெய்யலாம். நான்கு செ.மீ. என்றால் ஃபிரேமே உங்களுக்கானது இல்லை. சீட்டை முன்னால் தள்ளி ஈடுகட்டச் சொன்னால் கேட்காதீர்கள், முழங்கால் பதில் சொல்லும்.

முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள், பின்பக்கம் வலித்தால் உயர்ந்திருக்கிறதா என்று. சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போனால் உடம்புப் பாரம் கையில் இறங்குகிறது என்று பொருள். எட்டம் நீளம், அல்லது சீட்டின் மூக்கு கீழே சரிந்திருக்கிறது. கொத்தனாரின் ரசமட்டத்தை சீட்டின் மேல் வைத்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். சேலையிலோ சுடிதாரிலோ ஓட்டுபவர்கள் நன்றாகச் சரிந்த பார், செயின் கவர் உள்ளதாகக் கேட்க வேண்டும். உயரம் குறைந்தவர்களுக்கு 170 மி.மீ. கிராங்கைவிட 165 உகந்தது.

அடுத்து நம் ரோடு. ரோடு சைக்கிளில் 23 மி.மீ. டயரும் வரும். கப்பி பெயர்ந்த கரை ரோட்டில் அது ரிம்மோடு இடித்து டியூபை இரண்டு கீறலாக வெட்டிவிடும். 28 அல்லது 32 போடுங்கள். 28 டயருக்கு 65 கிலோ ஆளென்றால் பின்னால் 75, முன்னால் 65 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் போதும். ஆனால் வாங்கும்போதே ஃபோர்க்கிலும் பிரேக்கிலும் இடம் இருக்கிறதா பாருங்கள். பல ரோடு சைக்கிள்களின் பிரேக்குக்குள் 25 தாண்டி நுழையாது, மட்கார்டுக்கும் துளை இருக்காது. மட்கார்டு இல்லாமல் கார்த்திகை மாதச் சேற்றில் அலுவலகம் போனால் சட்டை முதுகு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ரோடு சைக்கிளின் 700சி ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 622 மி.மீ., பழைய 28 இஞ்ச் ஒன்றரை ரிம்மில் 635. பேரைக் கேட்டால் ஒன்று போலத் தெரியும், ஒன்றின் டயர் மற்றதில் பொருந்தாது. வால்டியூப் போட்ட பழைய வால்வுக்குப் பதில் மெல்லிய பிரெஸ்டா வால்வு வரும். கிராமத்துக் கடைப் பம்பு அதில் பிடிக்காது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றும், அளவான இரண்டு டியூபும் பையில் இருக்கட்டும். சீமைக்கருவேல முள் நேரம் பார்த்துக் குத்தாது.

கியர் விஷயத்துக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் ஏழோ எட்டோ போதும். பழைய சைக்கிளின் 44-க்கு 18 என்ற பல் கணக்கே தட்டைத் தரைக்குச் சரி. ஆடியில் மேல்காற்றுக்கு எதிரே தஞ்சாவூர் நோக்கிப் போகும்போதுதான் 24 பல், 28 பல் தேவைப்படும். வளைந்த ஹேண்டிலில் குனிந்து ஓட்டுபவருக்கு அந்தக் காற்று குறைவாகத் தெரியும்.

அறுவடைக் காலத்தில் ரோட்டில் வைக்கோல் பரப்பியிருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். நாலு தாள் செயினோடு உள்ளே போனால் பிரி திரித்தது போல, கியர் மாற்றும் டீரெய்லரில் சுற்றி, அதைப் பின்சக்கர ஸ்போக்ஸ் கம்பிக்குள் இழுத்துவிடும். முதலில் உடைவது டீரெய்லரைத் தாங்கும் ஹேங்கர். அப்படி உடையத்தான் அதை மெலிதாகச் செய்திருக்கிறார்கள். மாடலுக்கு மாடல் வேறு என்பதால் பிறகு தேடினால் கிடைக்காது, சைக்கிளோடு சேர்த்தே ஒன்று கூடுதலாக வாங்கிவிடுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உள்ளவர்கள் உப்புக் காற்று வேலையைக் காட்டும் முன் சீட் கம்பத்தை உருவி கிரீஸ் தடவ வேண்டும், இல்லையேல் ஃபிரேமோடு ஒட்டிக்கொள்ளும்.

கைமாறிய வண்டி என்றால் முதலில் சீட் கம்பம் அசைகிறதா என்று பாருங்கள். செயினில் ஒரு பின் நடுவிலிருந்து 12 இஞ்ச் ஸ்கேல் வையுங்கள். இன்னொரு பின் சரியாக 12-இல் விழ வேண்டும். 12-க்கு மேல் ஒரு இஞ்சில் பதினாறில் ஒரு பங்கு போயிருந்தால் செயின் மாற்ற வேண்டும், எட்டில் ஒரு பங்கு போயிருந்தால் பின்பல் சக்கரங்களும் சேர்ந்தே போயிருக்கும். ஹேண்டிலுக்குக் கீழே குழாய்கள் சேரும் இடத்தில் பெயின்ட் கோடுபோல வெடித்திருந்தால் விலையே பேச வேண்டாம்.

டெல்டா மாவட்டங்களின் சைக்கிள் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விலைச் சீட்டில் ஃபிரேம் அளவையும் எடையையும் எழுதுங்கள். 700 × 28 டியூப் குறைந்தது பத்து கையிருப்பில் வையுங்கள். சுவரில் ஒரு டேப் ஒட்டிவைக்கப் பத்து ரூபாய்கூட ஆகாது.

இப்படிக்கு,
ஒரு சைக்கிள் மெக்கானிக்,
கும்பகோணம்.