ஆண்டறிக்கை: 31ஆம் நாளுக்கு முன் எழுதவேண்டியவை

தலைவர் அவர்களே, மாதர் சங்கத்தினரே, நிலையத்தின் அங்கத்தவர்களே, வணக்கம்.

எமது சனசமூக நிலையத்தின் கடந்த ஆண்டுச் செயற்பாடுகளைச் சபைமுன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். வாசிகசாலை வழமைபோல மாலையில் திறக்கப்பட்டது. கதிரைகளும் கிடாரங்களும் செத்தவீடுகளுக்கு வாடகையின்றிக் கொடுக்கப்பட்டன.

இவ்வாண்டு கூடுதலாக உழைத்தது, மறைந்தவர் நினைவாக வீட்டார் அச்சிடும் கல்வெட்டு என்னும் சிறுநூல் வேலையில்தான். யாழ்ப்பாணத்தில் முதியவர் ஒருவர் மறைந்தால் அவர் வாழ்வை எழுத்தில் வைக்கும் ஒரே வெளியீடு பெரும்பாலும் அந்த நினைவு மலர்தான். 1995 இடப்பெயர்வில் அல்பங்களும் சாதகக் கட்டுகளும் வீட்டோடு போன குடும்பங்கள் பல. நல்ல கணவராக, தகப்பனாக, பேரனாராக வாழ்ந்த ஒருவரைப் பூட்டப்பிள்ளைகள் அறிந்துகொள்ள இந்த 16 பக்கங்களைத் தவிர வேறொன்றும் மிஞ்சாமற் போகலாம்.

கல்வெட்டு 31ஆம் நாள் கிரியையான வீட்டுக்கிருத்தியத்துக்கு வருவோர் கையில் இருக்கவேண்டும். அச்சுக்கும் பிழைதிருத்தத்துக்கும் பத்து நாள் போக, 20ஆம் நாளுக்குள் எழுத்துவேலை முடியவேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் பலர் இரண்டு கிழமையில் திரும்பிவிடுவார்கள். ஆகவே எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த கையோடு எல்லோரையும் ஒன்றாக இருத்திக் கேட்டு எழுதுவதே நல்லது. பிந்தினால் பழைய கல்வெட்டொன்றை எடுத்துப் பெயரை மாற்றி அடிக்கும் நிலை வந்துவிடுகிறது.

'அன்புக் கணவரும், பாசமிகு தந்தையும், அன்புப் பேரனும் ஆவார்' என்பது மரண அறிவித்தலுக்குப் போதும். வாழ்க்கைக் குறிப்பிலும் அதையே நீட்டி எழுதினால் அது எந்த வீட்டுக்கும் பொருந்திவிடும். முதலில் மனைவியிடம் கேட்கவேண்டும். கலியாணம் எந்த ஆண்டு, கலியாண எழுத்து (பதிவு) எங்கே நடந்தது, முதற் குடியிருந்த வீடு எது, எத்தனை பரப்பில் புகையிலை வைத்தார், எந்தக் கிணற்றில் பங்கு. இவ்வாண்டு வந்த ஒரு குறிப்பில், கிணற்றிலிருந்து துலாவால் நீர் இறைத்த காலத்தைப் பற்றி 'மிசின் வாங்கும்வரை இவர் துலா மிதிக்க, நான் வாய்க்காலிலே தண்ணி மாறினேன்' என்று மனைவி சொன்னது அப்படியே அச்சேறியது. அவர்கள் எப்படிச் சீவித்தார்கள் என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிகிறது. இப்படியான வரிகளைத் திருத்தி இலக்கணத் தமிழாக்க வேண்டாம்.

பேரப்பிள்ளைகள் பக்கம் இன்னும் கவனம் வேண்டியது. ஆயத்தமாகக் கிடைக்கும் புலம்பற் பாக்களில் எதுகை மோனை சரியாக இருந்தாலும் அவர்களுடைய பேரனாரை அவற்றில் தேடவேண்டியிருக்கிறது. தமிழ் எழுதத் தெரியாத பிள்ளை கைத்தொலைபேசியில் பேசிப் பதிந்து அனுப்பட்டும். பெரியவர் ஒருவர் அதைக் கேட்டு எழுதலாம். அவித்த பனங்கிழங்கைப் பிளந்து, நடுத்தும்பை எடுத்து, சின்னத் துண்டாக முறித்துத் தருவார் என்று ஒரு பிள்ளை சொன்னால், அதுவே அந்தப் பக்கத்துக்குப் போதும். இன்னொன்று: எங்களுக்குப் பேரன் என்றால் தாத்தா. வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளும் தமிழகத்து வாசகரும் அதை மகனுடைய மகன் என்று வாசித்து உறவுமுறையைத் தலைகீழாக விளங்கிக்கொள்கிறார்கள். வம்சாவளிப் பக்கத்தைத் தலைமுறை வாரியாக வரைபடமாகவே போட்டால் இந்தக் குழப்பம் வராது.

பிழை அதிகம் நேர்வது, மறைந்த நாளைச் செய்யுளில் சொல்லும் திதி வெண்பாவில். வருடம், மாதம், பூர்வபக்கமா அபரபக்கமா (வளர்பிறையா தேய்பிறையா), திதி என்ற நான்கும் அதில் சரியாக இருக்கவேண்டும். ஆண்டுத் திவசம் அதை வைத்தே செய்யப்படும். 2025 பெப்ரவரியில் மறைந்தவருக்கு வருடம் குரோதி. விசுவாவசு ஏப்ரல் 14இல்தான் பிறந்தது. வெளிநாட்டு மரணமென்றால் நேரத்தை மாற்றிப் பார்க்கவேண்டும். ரொறன்ரோவில் தை மாதத்தில் இரவு 10 மணி என்றால் இங்கே மறுநாள் காலை 8.30, அதற்குள் திதி மாறியிருக்கக்கூடும். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் திதி முடியும் நேரத்தில் வேறுபடுவதால், குருக்களிடம் மரணித்த நேரம், நாடு, வீட்டார் கைக்கொள்ளும் பஞ்சாங்கம் மூன்றையும் சேர்த்தே சொல்லுங்கள்.

படத்தைப் பொறுத்தவரை, பல வீடுகளில் மிஞ்சியிருப்பது அடையாள அட்டைப் படம் மட்டுமே. அதைக் கைத்தொலைபேசியால் எடுத்தால் பிளாஸ்டிக் உறையின் பளபளப்பு முகத்தில் விழும். ஸ்கானரில் அங்குலத்துக்கு 1200 புள்ளியில் எடுத்தால் நான்கு மடங்கு பெருப்பித்தாலும் அச்சுக்கு வேண்டிய 300 புள்ளி நிற்கும். வெளிநாட்டு உறவினர் வீட்டுக் கலியாண அல்பங்களிலும் கேட்டுப்பாருங்கள். பின்வரிசையில் நல்ல முகம் அகப்படும்.

யுனிகோட்டில் அனுப்பும் எழுத்தை அச்சகம் பாமினி என்னும் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது 'ஸ்ரீ' உடையும். 'கௌ' என்பது 'கெள' ஆகும். பெயர்களில் இது நடந்தால் மனவருத்தம். ஆகவே இறுதிப் பிரதியைத் திரையில் பாராமல் தாளில் எடுத்து, குடும்பத்தவர் ஒருவர் பெயர்களை மட்டும் தனியே ஒருமுறை வாசிக்கவேண்டும். நடுவில் கம்பி அடிக்கும் புத்தகத்துக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காக வரவேண்டும். பக்கம் மிஞ்சினால் வெறுமனே விடாமல் சிவபுராணத்தைப் பெரிய எழுத்தில் போடலாம். அதன் 95 அடிகளையும் மூக்குக்கண்ணாடி இல்லாமல் படிக்க முதியவர்கள் விரும்புவார்கள்.

வாசிகசாலையில் உள்ள பழைய கல்வெட்டுகளில் கம்பி துருப்பிடித்து நடுத்தாள் கழன்று வருகிறது. வரும் ஆண்டில் கம்பியை எடுத்துவிட்டு நூலால் தைக்கத் தீர்மானித்துள்ளோம். ஒவ்வொரு வீட்டாரும் இரண்டு பிரதிகள் தரவேண்டும். ஒன்று அலுமாரிக்கு. மற்றது, 2005 முதல் ஈழத்து வெளியீடுகளை இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் திட்டத்துக்கு, குடும்பத்தின் சம்மதக் கடிதத்துடன் அனுப்புவதற்கு. தொலைபேசி இலக்கமும் வீட்டு முகவரியும் உள்ள நன்றி நவிலல் பக்கத்தை அதற்கு முன் நீக்கிவிடுவோம்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்