சாம்பல் ஜல்லியை அரசு விலைப்பட்டியலில் சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கட்டட ஒப்பந்ததாரர்,
மேட்டூர் அணை, சேலம் மாவட்டம்.

பெறுநர்:
முதன்மைத் தலைமைப் பொறியாளர் அவர்கள்,
பொதுப்பணித்துறை,
சேப்பாக்கம், சென்னை.

பொருள்: நிலக்கரிச் சாம்பலைச் சுட்டுச் செய்யும் எடை குறைந்த ஜல்லிக்கு விலை நிர்ணயித்துப் பட்டியலில் சேர்க்க வேண்டுதல்.

ஐயா,

வணக்கம். மேட்டூர்ப் பக்கம் 22 ஆண்டுகளாகச் சிறிய அரசுக் கட்டடங்களைக் கட்டி வருகிறேன். அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த செங்கல் எங்களுக்குப் புதிதல்ல, என் வீட்டுச் சுவரே அதுதான். அதே சாம்பலை உருண்டை பிடித்து, 1100 டிகிரிக்கு மேல் சூளையில் சுட்டால் கான்கிரீட்டுக்கான ஜல்லியும் கிடைக்கும். நான் எடுத்த எந்த வேலையின் மதிப்பீட்டிலும் இதன் பெயரைப் பார்த்ததில்லை.

போன வருடம் ஒரு பள்ளியின் மேல் மாடி எடுக்கப் போனோம். பழைய அஸ்திவாரம் தாங்காது என்று பொறியாளர் நிறுத்திவிட்டார். சரியான முடிவுதான். ஆனால் அங்கே இன்றும் இரண்டு வகுப்புகள் ஒரே அறையில் நடக்கின்றன. கருங்கல் ஜல்லி போட்ட கான்கிரீட் கன மீட்டருக்குச் சுமார் 2400 கிலோ. சாம்பல் ஜல்லி போட்டால் 1900 கிலோ அளவுக்கு இறங்கும். 4 அங்குலத் தளத்தில் 100 சதுர அடிக்கு 450 கிலோவுக்கு மேல் குறையும். அந்த அஸ்திவாரம் இதைத் தாங்கியிருக்கும் என்று நான் சொல்லவில்லை, கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு வழியாவது இருந்திருக்கும்.

இதில் ஒரு சிரமமும் உண்டு. இந்த ஜல்லி தண்ணீரை நிறையக் குடிக்கும். முன்கூட்டியே ஊறவைக்காமல் கலந்தால் கலவை இறுகிப்போகும். செங்கல் ஜல்லியை நனைத்து மாடித்தளம் போட்ட நம் கொத்தனார்களுக்கு இதைச் சொல்லித்தர ஒரு நாள் போதும்.

இதன் தரத்துக்கு ஐ.எஸ். 9142 என்ற இந்தியத் தர விதியின் இரண்டாம் பகுதி 2018-லேயே வந்துவிட்டது. மத்திய அரசின் 31.12.2021 சாம்பல் அறிவிக்கையும் இதைப் பயன்பாட்டு வழிகளில் ஒன்றாகச் சொல்கிறது. இருந்தும் பட்டியலில் விலை இல்லாத பொருளைப் பொறியாளர் மதிப்பீட்டில் எழுதத் தயங்குகிறார். எழுதாத பொருளுக்கு எங்கள் ஊரில் யாரும் முதல் போட்டுச் சூளை வைக்க மாட்டார்கள்.

ஆகவே, இந்த ஜல்லிக்கு விலை நிர்ணயித்து அடுத்த விலைப்பட்டியலில் சேர்க்கவும், அதற்கு முன்பாக எங்கள் மாவட்டத்தில் ஒரு சிறிய அரசுக் கட்டடத்தின் தளத்தை இதில் போட்டு, அந்தக் கான்கிரீட்டின் வலிமையைச் சேலம் அரசு பொறியியல் கல்லூரியில் கனசதுரச் சோதனை செய்து பார்க்கவும் உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தளத்தைக் கூலி மட்டும் வாங்கிக்கொண்டு போட்டுத்தர நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கட்டட ஒப்பந்ததாரர், மேட்டூர் அணை.