சத்தம் போட்டால் போதாது, ஃபியூம் ஹூட் இழுக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓசூர் சிப்காட் பகுதியில் மருந்துத் தொழிற்சாலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். தர்மபுரி, பாலக்கோடு, ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி என்று நம் பக்கத்துப் பிள்ளைகள்தான் வேதியியல் படித்துவிட்டு எங்களிடம் அதிகம் வேலைக்கு வருகிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். டைட்ரேஷனில் கை சுத்தம், கணக்கும் தப்பாது. ஆனால் நச்சு ஆவியை இழுத்து வெளியேற்றும் ஃபியூம் ஹூட் முன்னால் நிறுத்தினால், பெரும்பாலானவர்கள் கண்ணாடி ஷட்டரை முழுக்க மேலே தூக்கிவிட்டு, தலையை உள்ளே நீட்டிக் குடுவைக்குள் எட்டிப் பார்க்கிறார்கள். கல்லூரியில் அதை யாரும் சொல்லித் தரவில்லை. செய்முறைத் தேர்வுகள் நெருங்கும் நேரம் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஃபியூம் ஹூட் பார்த்திராதவர்களுக்கு: முன்பக்கம் மேலும் கீழும் நகரும் கண்ணாடி ஷட்டர் வைத்த பெரிய பெட்டி அது. கூரை மேல் இருக்கும் விசிறி, அறைக் காற்றை ஷட்டர் திறப்பு வழியாக உள்ளே இழுத்து, பின்சுவரில் உள்ள நீளமான இடுக்குகள் வழியாகக் குழாயில் ஏற்றி, கட்டடத்துக்கு மேலே விடும். திறப்பில் காற்றின் வேகம் நொடிக்கு 0.5 மீட்டர் அளவில் இருக்க வேண்டும். 0.4-க்குக் கீழே போனால் ஆவி நம் பக்கம் கசியத் தொடங்கும். அதற்காக வேகம் கூடக் கூட நல்லது என்றும் நினைக்கக் கூடாது. 0.75-ஐத் தாண்டினால் உள்ளே சுழல் உண்டாகி, அதுவே வாயுவை வெளியே தள்ளிவிடும்.

ஹூட் முன்னால் ஆள் நிற்பதே காற்றுக்கு ஒரு தடைதான். பைபாஸ் சாலையில் லாரி ஓடும்போது அதன் பின்னால் புழுதி சுழன்று எழுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே மாதிரி, முதுகுப் பக்கமிருந்து வரும் காற்று நம் உடம்பைச் சுற்றிக்கொண்டு போகும்போது, நெஞ்சுக்கும் ஹூட்டுக்கும் நடுவே ஒரு சுழல் எழுகிறது. பீக்கரை விளிம்பிலேயே வைத்தால் ஆவி அந்தச் சுழலில் சிக்கி மூக்குக்கு வந்துவிடும். எந்தப் பாத்திரமும் விளிம்பிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். கை மட்டும் உள்ளே போகட்டும். முகத்துக்கும் வேதிப்பொருளுக்கும் நடுவே கண்ணாடி இருக்கட்டும்.

நம் ஊர் ஆய்வகங்களில் சீலிங் ஃபேன் இன்னொரு தொல்லை. நொடிக்கு அரை மீட்டர் என்பது ரொம்ப மெல்லிய இழுப்பு. ஆள் சாதாரணமாக நடக்கும் வேகமே அதைவிட அதிகம். பக்கத்தில் ஃபேன் சுழன்றாலோ, ஜன்னல் காற்று குறுக்கே அடித்தாலோ, யாராவது விறுவிறுவென்று கடந்து போனாலோ அந்த இழுப்பு குலைந்துவிடும். மார்ச் வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொல்வது கொடுமை என்று தெரியும். ஹூட்டை ஒட்டியிருக்கும் ஃபேனை மட்டும் வேலை நடக்கும் நேரத்தில் நிறுத்தினாலே பெரிய வித்தியாசம் தெரியும். கரண்ட் போனால் ஷட்டரை இறக்கிவிட்டுத் தள்ளிப் போய்விட வேண்டும். ஜெனரேட்டர் வரட்டும் என்று அங்கேயே நிற்கக் கூடாது.

வேலைக்கு ஆள் எடுக்கும் வளாகத் தேர்வுக்காக இந்தப் பகுதிக் கல்லூரி ஒன்றுக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம், நிலைமை பல இடங்களில் அதுதான். ஆய்வகத்தில் நல்ல விலை கொடுத்து வாங்கிய ஹூட் இருந்தது. உள்ளே இரண்டரை லிட்டர் பாட்டில்களைப் பின்சுவர் வரை நெருக்கி அடுக்கியிருந்தார்கள். கீழ் இடுக்கு அடியோடு மறைந்திருந்தது. ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அம்மோனியாவும் அடுத்தடுத்து இருந்ததால் பாட்டில் கழுத்துகளில் வெள்ளைப் பொடி படிந்து கிடந்தது. ஸ்விட்சைப் போட்டதும் விசிறி நன்றாகச் சத்தம் போட்டது. டிஷ்யூ பேப்பரை நீளமாகக் கிழித்து ஷட்டரின் கீழ் விளிம்பில் ஒட்டிப் பார்த்தேன். இழுப்பு இருந்தால் அது உள்பக்கம் வளைய வேண்டும், ஆடவே இல்லை. குழாய் எங்கே போகிறது என்று பார்த்தால், கூரைக்கு ஏறாமல் ஜன்னல் வழியாக வராந்தாவில் முடிந்திருந்தது. மாணவிகள் அங்கேதான் பையை வைத்துவிட்டு உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டு எழுதுகிறார்கள்.

எனக்கு இதுதான் பெரிய பயம். ஹூட்டே இல்லாத இடத்தில் ஆள் ஜாக்கிரதையாகத் தள்ளி நிற்பான். சத்தம் போடும் ஹூட் இருந்தால் அதை நம்பி, கிட்டே நின்று புரோமினை ஊற்றுவான்.

பள்ளிகளில் பெரும்பாலும் சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன்தான் இருக்கிறது. அது அறைக் காற்றை மாற்றும், அவ்வளவுதான். சோதனைக் குழாயிலிருந்து வரும் வாயு மாணவரின் முகத்தைக் கடந்துதான் அதனிடம் போகிறது. உப்புப் பகுப்பாய்வில் நைட்ரேட் இருக்கிறதா என்று பார்க்கத் தாமிரச் சீவலும் அடர் கந்தக அமிலமும் சேர்த்துச் சூடாக்குகிறோம். செம்பழுப்பாக எழும் நைட்ரஜன் டை ஆக்சைடு நயவஞ்சகமான வாயு. அதிகமாக மூச்சில் போனால் முதலில் கொஞ்சம் இருமல் வந்து அடங்கிவிடும். பல மணி நேரம் கழித்து, ராத்திரி வீட்டில் படுத்திருக்கும்போது நுரையீரலில் நீர் கோக்கலாம். அப்போது ஆய்வகத்தில் நடந்ததை மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்று பிள்ளைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. ஹைட்ரஜன் சல்பைடு வேறு மாதிரி. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும்வரை எச்சரிக்கையாக இருப்போம். காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவை எட்டும்போது அது மோப்ப உணர்வையே மழுக்கிவிடும். நாற்றம் நின்றதால் வாயு போய்விட்டது என்று நினைத்தால் உயிருக்கே ஆபத்து.

ஹூட் இல்லாத பள்ளியில் உப்பு ஒரு சிட்டிகை, அமிலம் சில துளி என்று அளவைச் சுருக்கினாலே பாதிப் புகை குறையும். சோதனையின் முடிவும் அதே தெளிவோடு கிடைக்கும். அப்புறம், ஆய்வக உதவியாளர்களை யாரும் நினைப்பதே இல்லை. மாணவர் ஒரு மணி நேரம் நின்றுவிட்டுப் போகிறார்; அடர் அமிலத்தை நீர்க்கச் செய்வதும் பாட்டில் நிரப்புவதும் ஆண்டு முழுக்க அவர்கள் வேலை. வெயில் காலத்தில் அடர் அம்மோனியா பாட்டிலுக்குள் அழுத்தம் ஏறியிருக்கும். மூடியைத் திருகியதும் முகத்தில் சீறும். குளிர வைத்து, கண்ணாடி அணிந்து, இழுக்கும் ஹூட்டுக்குள்ளோ திறந்தவெளியிலோதான் திறக்க வேண்டும்.

ஹூட் நன்றாக வேலை செய்தாலும் கையைக் காப்பது கையுறைதான். அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிப் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான், 1996 ஆகஸ்டில் ஹூட்டுக்குள்தான் வேலை செய்தார். டைமெத்தில் மெர்குரி என்ற கொடிய பாதரசச் சேர்மம் சில துளி லேடெக்ஸ் கையுறை மேல் சிந்தி, அதை ஊடுருவித் தோலுக்குள் போனது. 1997 ஜூனில் இறந்துபோனார். எந்தப் பொருளுக்கு எந்தக் கையுறை என்ற பாடத்தையும் சேர்த்தே சொல்லித் தர வேண்டும்.

புதிதாக எதையும் வாங்கித் தரச் சொல்லி நான் கேட்கவில்லை. இருக்கும் ஹூட்டுகளை முதலில் காலி செய்யுங்கள். பாட்டில்களுக்குக் காற்றோட்டமுள்ள தனி அலமாரி போதும். காற்று வேகம் அளக்கும் அனிமோமீட்டர் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒவ்வொரு கல்லூரியும் தனியாக வாங்கக்கூட வேண்டாம். மாவட்டத்துக்கு ஒன்று வாங்கி, ஆண்டுக்கு ஒருமுறை எல்லா ஆய்வகங்களுக்கும் சுற்றி அனுப்பலாம். அளந்த தேதியையும் வேகத்தையும் ஷட்டரிலேயே ஸ்டிக்கராக ஒட்டிவிட்டால் மாணவரே பார்த்துக் கேள்வி கேட்பார். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்களும் கல்லூரி முதல்வர்களும் இந்தத் தேர்வுக்கு முன்பே இதைத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதுவரை டிஷ்யூ பேப்பர் போதும், இன்றைக்கே ஒட்டிப் பார்க்கலாம். அளப்பதற்கு ஆள் இல்லை என்றால், சனிக்கிழமைகளில் நானும் என்னோடு வேலை பார்க்கும் சிலரும் வரத் தயார்.

இப்படிக்கு,
தரக்கட்டுப்பாட்டு வேதியியலாளர்,
கிருஷ்ணகிரி.